தொடக்ககால அமெரிக்க இலக்கியம்: கலைச்சொற்களை ஒப்பிக்காமல் படிக்க ஒரு வழி

அமெரிக்க இலக்கியம் எங்கே தொடங்குகிறது என்று ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவரிடம் கேட்டால், ‘பியூரிட்டன்களிடம்’, அதாவது இங்கிலாந்திலிருந்து அங்கே குடியேறிய ஒரு புராட்டஸ்டன்டுப் பிரிவினரிடம், என்ற பதில் சட்டென்று வரும். பியூரிட்டன் எழுத்து ஒன்றைச் சொல்லுங்கள் என்றால் பலர் நத்தானியல் ஹாதர்னின் ‘தி ஸ்கார்லெட் லெட்டர்’ நாவலைச் சொல்வார்கள். முதல் பதில் பாதி சரி. இரண்டாவது தவறு. அந்த நாவலின் கதை நடப்பது 1640களின் பாஸ்டனில்; நாவல் வெளிவந்தது 1850இல். இருநூறு ஆண்டுகள் தள்ளி நின்று ஹாதர்ன் பியூரிட்டன்களைத் திரும்பிப் பார்க்கிறார். மாசசூசெட்ஸின் சேலம் ஊரில் நடந்த சூனிய வழக்குகளில் விசாரணை நடத்திய ஜான் ஹாதர்ன் அவருடைய மூதாதையர் என்பதால் அந்தப் பார்வையில் குற்ற உணர்வும் உண்டு. அதைப் பியூரிட்டன்களின் குரலாக எடுத்துக்கொண்டால் அடுத்து எழுதும் ஒவ்வொரு வரியும் தடம் மாறிப் போகும்.

கலைச்சொற்கள் விஷயத்திலும் இதே குழப்பம்தான். மெட்டஃபர், சிம்பல், ஐரனி, டோன், தீம் என எல்லாவற்றுக்கும் வரையறை தலைகீழாகத் தெரியும். எட்டு வரிக் கவிதை ஒன்றைக் கையில் கொடுத்து, இதில் என்ன நடக்கிறது என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். இது மாணவரின் திறமைக் குறைவு இல்லை. சொற்களை ஒட்டுச்சீட்டுகளாகக் கற்றுக்கொடுத்ததால் வந்த சிக்கல். ஒவ்வொரு கலைச்சொல்லும் பாடத்திடம் கேட்க வேண்டிய ஒரு கேள்விக்கு வைத்த சுருக்கப்பெயர். அந்தக் கேள்வியைத் தெரிந்துகொண்டால் வரையறை தானாக நினைவில் நிற்கும்.

தொடக்ககால அமெரிக்க எழுத்து இந்தப் பயிற்சிக்கு மிகவும் ஏற்றது. அதில் பெரும்பகுதி நேரடியாக ஒரு காரியத்தைச் சாதிக்க எழுதப்பட்டது என்பதால், எந்தச் சொல் எதற்காக அங்கே இருக்கிறது என்பதைத் தேடிக் கண்டுபிடிக்க முடியும்.

தொடக்ககாலம் எதுவரை?

பொதுவாக 1820 வரையிலான எழுத்தைத் தொடக்ககாலம் என்பார்கள். தொடக்கத்துக்குத்தான் ஆண்டு வைக்க முடியாது. ஐரோப்பியர் வருவதற்கு வெகுகாலம் முன்பே அந்த மண்ணின் மக்களிடம் வாய்மொழி இலக்கியம் இருந்தது. வடகிழக்கு அமெரிக்கப் பழங்குடிகளின் கூட்டமைப்பான ஹோடனஷோனி மக்களின் படைப்புக் கதையில், வானுலகப் பெண் ஒருத்தி கீழே விழுகிறாள். நீர்ப்பறவைகள் அவளைத் தாங்குகின்றன. ஆமையின் முதுகில் வைத்த மண் பெருகி உலகமாகிறது. இதற்கு ஒற்றை ஆசிரியர் கிடையாது. சொல்பவருக்குச் சொல்பவர் கதை மாறும். அந்தக் கூட்டமைப்பின் டஸ்கரோரா இனத்தைச் சேர்ந்த டேவிட் குசிக் 1820களில் இதை ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டார்.

அடுத்து வருவதும் ஆங்கிலம் இல்லை, ஸ்பானிய மொழி. ஸ்பானியப் பயணி கபேசா தே வாகா 1528இல் டெக்சஸ் கரையில் ஒதுங்கி, கடைசியில் மூன்று பேருடன் நடந்தே 1536இல் மெக்சிகோ பகுதியில் ஸ்பானியரிடம் வந்து சேர்ந்தார். அந்த அனுபவத்தை 1542இல் நூலாக வெளியிட்டார். ஆங்கிலேயர்கள் 1607இல் ஜேம்ஸ்டவுனிலும் 1620இல் பிளிமத்திலும் குடியேறினார்கள். 1630இல் வந்து பாஸ்டனை நிறுவியவர்கள்தான் பியூரிட்டன்கள்: இங்கிலாந்துத் திருச்சபையை உள்ளிருந்தே தூய்மைப்படுத்த நினைத்த புராட்டஸ்டன்டுகள். பிளிமத்துக்கு வந்தவர்கள் அந்தச் சபையை விட்டே பிரிந்தவர்கள். பாடநூல்கள் இரண்டு கூட்டத்தையும் பெரும்பாலும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

ஆங்கிலக் குடியேற்றங்களில் அச்சான முதல் நூல் 1640இல் மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் வந்த விவிலியச் சங்கீதங்களின் மொழிபெயர்ப்பு. முதல் அமெரிக்க நாவல் என்று வழக்கமாகச் சொல்லப்படும் வில்லியம் ஹில் பிரவுனின் ‘தி பவர் ஆஃப் சிம்பதி’ வந்தது 1789இல். நடுவே ஏறக்குறைய 150 ஆண்டுகள் நாவலே இல்லை. அந்தக் காலத்தில் எழுதப்பட்டவை பிரசங்கம், நாட்குறிப்பு, வரலாறு, கடிதம், பக்திக் கவிதை, அரசியல் துண்டுப்பிரசுரம். தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. பாஸ்டனின் பியூரிட்டன் போதகர் காட்டன் மேதர், தரங்கம்பாடியில் இருந்த சீகன்பால்குவுக்குக் கடிதம் எழுதினார். பதில் வருவதற்குள் சீகன்பால்கு 1719இல் இறந்துவிட, உடன் ஊழியர் கிரண்ட்லர் பதில் எழுதினார். அந்தக் கடிதப் போக்குவரத்தை மேதர் 1721இல் ‘இந்தியா கிறிஸ்டியானா’ என்ற நூலில் அச்சிட்டார்.

சுருக்கமாக: பியூரிட்டன்கள் இந்தப் பரப்பின் ஒரு பகுதி மட்டுமே. இங்கே கதை குறைவு. காரியத்துக்காக எழுதிய எழுத்து அதிகம்.

வகைமை: முதல் கேள்வி

கல்யாணப் பத்திரிகையை யாரும் கதையாகப் படிப்பதில்லை. யார் அழைக்கிறார்கள், பெரியவர்கள் பெயர் எந்த வரிசையில் வருகிறது, முகூர்த்தம் எப்போது என்றுதான் கண் போகும். ‘சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து’ என்ற வரியைப் பார்த்து, என்ன அன்பு என்று யாரும் உருகுவதில்லை. அது பத்திரிகை மரபு. மரபிலிருந்து விலகி ஏதாவது இருந்தால், உதாரணமாக ஒரு பெயர் விட்டுப்போயிருந்தால், அது உடனே கண்ணில் படும். வகைமை என்பது இப்படிப்பட்ட ஏற்பாடுதான்: ஒரு வகை எழுத்துக்கு எழுதுபவரும் படிப்பவரும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட நோக்கமும் வடிவமும்.

பியூரிட்டன் பிரசங்கத்துக்கு நிலையான மூன்று பகுதிகள் உண்டு. முதலில் விவிலிய வசனம். அடுத்து, அதிலிருந்து எடுக்கும் கோட்பாடு. கடைசியில் பயன்பாடு, அதாவது கேட்பவர் வாழ்க்கையில் அதற்கு என்ன பொருள் என்பது. போதகர் ஜொனதன் எட்வர்ட்ஸ் 1741 ஜூலை 8 அன்று என்ஃபீல்டில் நிகழ்த்திய ‘கோபங்கொண்ட கடவுளின் கைகளில் பாவிகள்’ இதே வரிசையில்தான் போகிறது. உபாகமம் 32:35இல் உள்ள ‘ஏற்ற காலத்தில் அவர்களுடைய கால் தள்ளாடும்’ என்பது வசனம். கடவுளின் விருப்பம் ஒன்றுதான் பாவிகள் இந்தக் கணமே நரகத்தில் விழாமல் தடுக்கிறது என்பது கோட்பாடு. நெருப்புக்கு மேலே பிடித்திருக்கும் சிலந்தி முதலான புகழ்பெற்ற காட்சிகள் பயன்பாட்டுப் பகுதியில் வருகின்றன. பாடநூல்கள் அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துப் போடுவதால், எட்வர்ட்ஸ் கொடூரமான மனிதர் என்ற முடிவுக்கு மாணவர் வந்துவிடுகிறார். முழுதாகப் படித்தால், தர்க்கத்தைக் கட்டி முடித்த பிறகே அவர் பயத்தை உள்ளே விடுகிறார் என்பது தெரியும். மக்கள் கதறியதால் அவர் நடுவில் பேச்சை நிறுத்த வேண்டியிருந்ததாக அங்கிருந்த ஒருவரின் நாட்குறிப்பு சொல்கிறது.

இன்னொரு வகைமை சிறைபிடிப்புக் கதை: பழங்குடியினரிடம் பிடிபட்டு மீண்டவர் தன் அனுபவத்தைக் கடவுளின் செயலாகச் சொல்வது. 1676 பிப்ரவரியில் லங்காஸ்டரில் பிடிபட்ட மேரி ரோலன்ட்சன் பதினொரு வாரத்துக்கு மேல் அவர்களோடு அலைந்தார். அந்த அலைச்சலை இருபது ‘இடப்பெயர்ச்சி’களாகப் பிரித்து 1682இல் வெளியிட்டார். வகைமையின் எதிர்பார்ப்பு தெளிவானது: பிடித்தவர்கள் காட்டுமிராண்டிகள், மீட்டவர் கடவுள். ரோலன்ட்சனும் அப்படியே சொல்லிக்கொண்டு போகிறார். நடுவே வேறு மாதிரியான வரிகள் வருகின்றன. பழங்குடித் தலைவர் ஃபிலிப்பின் மகனுக்கு அவர் ஒரு சட்டை தைக்கிறார்; ஃபிலிப் ஒரு ஷில்லிங் கொடுக்கிறார்; அதை வைத்து அவர் குதிரை இறைச்சி வாங்குகிறார். பிறகு ஃபிலிப் சாப்பிடக் கூப்பிட்டு, கரடிக் கொழுப்பில் பொரித்த இரண்டு விரல் அளவு அப்பம் ஒன்றைத் தருகிறார். வாழ்நாளில் இவ்வளவு ருசியாகச் சாப்பிட்டதில்லை என்று எழுதுகிறார் ரோலன்ட்சன். வகைமை கேட்காத வரி இது. நல்ல கட்டுரைக்கு இதுபோல ஒரு வரி போதும்.

எழுதியவர் வேறு, பேசுபவர் வேறு

ஆசிரியர் என்பவர் பேனா பிடித்த மனிதர். கதைசொல்லி, அதாவது நரேட்டர், எழுத்துக்குள் பேசும் குரல். வேண்டுமென்றே புனைந்துகொண்ட பேசும் ஆளுக்குப் பெர்ஸோனா என்று பெயர். நாவல்களில் இந்த வேறுபாட்டை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். கடிதம், நாட்குறிப்பு, பயணக் குறிப்பு என்று வந்தால் மறந்துவிடுவார்கள்.

1722இல் பாஸ்டன் செய்தித்தாள் ஒன்றில் ‘சைலன்ஸ் டூகுட்’ என்ற விதவையின் கடிதங்கள் வந்தன. மொத்தம் பதினான்கு. இங்கிலாந்திலிருந்து வந்த கப்பலில் பிறந்தவள், தான் பிறந்த மகிழ்ச்சியில் மேல்தளத்தில் நின்ற தந்தையை அலை அடித்துக்கொண்டு போனது, கிராமப் போதகரை மணந்து விதவையானவள் என்று அவளுக்கு ஒரு முழு வாழ்க்கை வரலாறே இருந்தது. எழுதியவர் பதினாறு வயது பெஞ்சமின் ஃபிராங்க்ளின். பத்திரிகை அவருடைய அண்ணனுடையது. தம்பி எழுதினால் போடமாட்டார் என்று தெரிந்து, இரவில் அச்சகத்துக் கதவுக்கடியில் கடிதத்தைச் செருகி வைத்தார். பெர்ஸோனா எதற்குப் பயன்படுகிறது என்பதற்கு இதைவிட எளிய உதாரணம் கிடைக்காது: அச்சகத்தில் வேலை கற்கும் பையன் ஹார்வர்டைக் கிண்டல் செய்தால் யாரும் பொருட்படுத்தமாட்டார்கள், நடுத்தர வயது விதவை சொன்னால் கேட்பார்கள்.

கிரெவ்கோரின் ‘ஓர் அமெரிக்க விவசாயியின் கடிதங்கள்’ (1782) விஷயத்தில் இந்தத் தவறு இன்னும் அதிகம். ‘அமெரிக்கர் என்பவர் யார்?’ என்ற புகழ்பெற்ற பகுதியைப் பேசுபவர் ஜேம்ஸ் என்ற பென்சில்வேனியா விவசாயி. கிரெவ்கோர் பிரான்சில் பிறந்து நியூயார்க்கில் பண்ணை வைத்திருந்தவர். புத்தகத்தின் தொடக்கத்தில் உற்சாகமாகப் பேசும் ஜேம்ஸ், தென்பகுதியில் கூண்டில் அடைத்துச் சாகவிடப்பட்ட அடிமை ஒருவரைப் பார்க்கிறார். கடைசிக் கடிதத்தில் நிலைகுலைந்து போகிறார். முதல் பகுதியை மட்டும் மேற்கோள் காட்டி ‘கிரெவ்கோர் அமெரிக்காவைக் கொண்டாடினார்’ என்று எழுதினால், ஒரு பாத்திரத்தின் தொடக்க மனநிலையை ஆசிரியரின் முடிவாக்கிவிடுகிறோம்.

உண்மைச் சம்பவம் என்று சொல்லப்படும் எழுத்திலும் இந்தக் கேள்வி வேண்டும். ஜேம்ஸ்டவுன் பற்றி அங்கே குடியேறிய ஜான் ஸ்மித் 1608இல் எழுதிய அறிக்கையில், பழங்குடித் தலைவரின் மகள் போகஹொண்டாஸ் ஸ்மித்தின் உயிரைக் காப்பாற்றிய சம்பவம் இல்லை. 1624இல் வெளியிட்ட வரலாற்றில் இருக்கிறது. அதிலும் தன்னையே ‘அவர்’ என்று படர்க்கையில் குறிப்பிட்டு எழுதுகிறார். இரண்டுக்கும் நடுவில் போகஹொண்டாஸ் இங்கிலாந்து போய்ப் பிரபலமாகி இறந்தும் போயிருந்தார். ஸ்மித் பொய் சொன்னாரா என்ற விவாதம் வரலாற்றாசிரியர்களுக்கு. இலக்கியம் படிப்பவர் கேட்க வேண்டியது: 1624இன் கதைசொல்லிக்கு இந்தக் காட்சி ஏன் தேவைப்பட்டது?

இதுவரை வந்தவை இரண்டு கேள்விகள்: இது எந்த வகை எழுத்து, இதில் பேசுவது யார். இவற்றுக்குப் பதில் தெரியாமல் உருவகத்தையும் குறியீட்டையும் தேடினால் பயன் இல்லை.

உவமை, உருவகம், கான்சீட்

‘போல’ என்று சொல்லி ஒப்பிட்டால் உவமை. ஒன்றை இன்னொன்றாகவே சொல்லிவிட்டால் உருவகம். தமிழ் படித்தவர்களுக்கு இதில் சிரமம் இல்லை. நெருப்பின்மேல் சிலந்தியைப் பிடித்திருப்பதுபோல் கடவுள் உன்னைப் பிடித்திருக்கிறார் என்று எட்வர்ட்ஸ் சொல்வது உவமை.

கான்சீட்டில்தான் பலர் தடுமாறுகிறார்கள். தொடர்பே இல்லாததுபோல் தெரியும் இரண்டை எடுத்து, பாகம் பாகமாக, கவிதை முழுக்கப் பொருத்திக்காட்டும் நீண்ட உருவகம் அது. பியூரிட்டன் போதகரும் கவிஞருமான எட்வர்ட் டெய்லரின் ‘ஹஸ்விஃபரி’ (இல்லத்தரசியின் வேலை) என்ற கவிதையை எடுத்துக்கொள்வோம். ஆறு வரிகள் கொண்ட மூன்று பத்திகள். ஆண்டவரே, என்னை உமது நூற்கும் ராட்டையாக்கும் என்று தொடங்குகிறது.

டெய்லர் ராட்டை என்ற சொல்லோடு நிற்கவில்லை, அதைப் பாகம் பாகமாகப் பிரிக்கிறார். நூற்காத நாரைச் சுற்றி வைக்கும் கோல், கடவுளின் வார்த்தை. நூலை முறுக்கிச் செலுத்தும் ஃப்ளையர், தன் உணர்ச்சிகள். நூல் வந்து சுற்றும் உருளை, தன் ஆன்மா. உருளையிலிருந்து நூலை எடுத்துச் சிட்டமாக்கும் சட்டம், தன் நடத்தை. இரண்டாம் பத்தியில் ராட்டை தறியாகிறது. தார் சுற்றுவது பரிசுத்த ஆவியின் வேலை. நெய்த துணியை நீரில் அடித்து இறுக்கும் ஆலை, திருச்சபையின் சடங்குகள். பிறகு சாயம். மூன்றாம் பத்தியில் துணி ஆடையாகி, அறிவு, விருப்பம், மனசாட்சி, நினைவு, சொல், செயல் எல்லாவற்றையும் போர்த்துகிறது.

இந்த வரிசை நெசவு வேலையின் உண்மையான வரிசை: நூற்பு, நெசவு, இறுக்கம், சாயம், உடை. படி மாறினால் துணி வராது. மீட்பும் இப்படிப் படிப்படியாக நடப்பது என்பது டெய்லரின் வாதம். இன்னொன்றையும் கவனியுங்கள். ராட்டையும் தறியும் தானாக ஓடாது; ஓட்டுபவர் வேண்டும். கவிதையின் வினைச்சொற்கள் ‘ஆக்கும்’, ‘நெய்யும்’, ‘சாயமிடும்’ என்று கடவுளை நோக்கிய வேண்டுதல்கள்; பேசுபவர் தானாக எதையும் செய்வதில்லை. மனித முயற்சியால் மீட்பு கிடையாது, அருளால் மட்டுமே என்ற பியூரிட்டன் நம்பிக்கை இந்தக் கவிதையில் இலக்கணமாகவே உட்கார்ந்திருக்கிறது. ‘இதில் கான்சீட் உள்ளது’ என்று எழுதினால் ஒரு மதிப்பெண் வரலாம். கான்சீட் அந்த நம்பிக்கையை எப்படிச் சுமக்கிறது என்று காட்டினால்தான் அது படிப்பு.

டெய்லர் 1729இல் இறந்தார். கவிதைகள் கையெழுத்துப் பிரதியாகவே யேல் பல்கலைக்கழக நூலகத்தில் கிடந்து 1937இல்தான் வெளியுலகம் கண்டன. ஆக, தன் காலத்து அமெரிக்கக் கவிஞர் யாரையும் டெய்லர் பாதித்திருக்க முடியாது. ‘டெய்லரின் தாக்கம்’ என்று எழுதுபவர்கள் இந்த ஆண்டைப் பார்ப்பதில்லை.

குறியீடு

உருவகத்தில் வரும் ராட்டை உண்மையில் அங்கே இல்லை. குறியீடு அப்படி இல்லை: கதைக்குள் உண்மையான பொருளாக இருந்துகொண்டே, தன்னைத் தாண்டிய ஒன்றையும் குறிப்பது. வாஷிங்டன் இர்விங்கின் ‘ரிப் வான் விங்கிள்’ (1819) கதையில் ரிப் மலையில் இருபது ஆண்டு தூங்கிவிட்டு ஊருக்குத் திரும்புகிறான். நடுவில் அமெரிக்கப் புரட்சி நடந்து முடிந்துவிட்டது. விடுதியின் பலகையில் முன்பு மன்னர் மூன்றாம் ஜார்ஜின் படம். இப்போது சிவப்புக் கோட்டு நீலமாகியிருக்கிறது, செங்கோல் இருந்த கையில் வாள், தலையில் மடிப்புத் தொப்பி, கீழே ‘ஜெனரல் வாஷிங்டன்’ என்ற எழுத்து. முகம் மட்டும் அதே முகம்.

பலகை என்பது கதையில் வெறும் பலகைதான். ஆனால் அந்த முகம் மாறாததுதான் இர்விங் கேட்கும் கேள்வி: உடையும் பெயரும் மாறின, ஆள்பவரின் முகம் மாறியதா? ‘பலகை சுதந்திரத்தைக் குறிக்கிறது’ என்று ஒரு சொல்லில் முடித்தால் கதையின் கூர்மையே போய்விடும். கதையில் வரும் எல்லாப் பொருளையும் குறியீடாக்கும் பழக்கமும் கூடாது. பொருள் திரும்ப வருகிறதா, மாறுகிறதா, அதை விவரிக்க ஆசிரியர் தேவைக்கு மேல் இடம் கொடுக்கிறாரா? இந்த மூன்றில் ஒன்றாவது இல்லையென்றால் விட்டுவிடலாம்.

முரண்நகையும் அல்யூஷனும்

சொல்வதற்கும் உணர்த்துவதற்கும் இடையிலான விலகல் முரண்நகை. கிண்டல் அதன் ஒரு வடிவம் மட்டுமே. எதிர்பாராமல் நடப்பதையெல்லாம் முரண்நகை என்பதும் தவறு. இன்னொரு வடிவத்தில், பாத்திரத்துக்குத் தெரியாதது வாசகருக்குத் தெரிந்திருக்கும். தேர்தல் நாளில் ஊருக்குள் வந்த ரிப், நான் மன்னரின் விசுவாசமான குடிமகன் என்று கூட்டத்துக்கு நடுவே சொல்லும் இடம் அந்த வகை. அல்யூஷன் என்பது வேறொரு நூலையோ நிகழ்வையோ விளக்காமல் தொட்டுக்காட்டுவது; இந்தக் காலத்தில் அது பெரும்பாலும் விவிலியம்.

இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஃபிலிஸ் வீட்லியின் எட்டு வரிக் கவிதை போதும்: ‘ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டது பற்றி’. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து 1761இல், ஏழெட்டு வயதில், பாஸ்டனுக்கு அடிமையாகக் கொண்டுவரப்பட்டவர். ‘ஃபிலிஸ்’ அவரை ஏற்றிவந்த கப்பலின் பெயர். அவருடைய தொகுப்பு 1773இல் லண்டனில் வந்தபோது, இவற்றை இந்தப் பெண்தான் எழுதினாள் என்று பாஸ்டன் பிரமுகர்கள் பதினெட்டுப் பேர் கையெழுத்திட்ட சான்று முன்னால் சேர்க்கப்பட்டது.

வடிவத்தைப் பாருங்கள். வரிக்குப் பத்து அசை, அழுத்தமில்லாத அசையும் அழுத்தமான அசையும் மாறி மாறி வருவது. அதுதான் அயாம்பிக் பென்டாமீட்டர். இரண்டிரண்டு வரிகள் இயைபில் முடிகின்றன. இப்படி அமைந்த இணைவரிகளுக்கு ஹீரோயிக் கப்லெட் என்று பெயர். அன்றைய ஆங்கிலக் கவிதையின் மிக மதிப்பான வடிவம் அது.

முதல் நான்கு வரிகள் நன்றி: கருணைதான் என்னைப் புறமத நாட்டிலிருந்து கொண்டுவந்தது, கடவுளை அறியச் செய்தது. இதோடு நிறுத்தினால் அடிமைத்தனத்துக்கு நன்றி சொல்லும் கவிதையாகத் தோன்றும். பலர் அப்படியே படித்துக் கோபப்பட்டிருக்கிறார்கள். ஐந்தாம் வரியில் ‘நான்’ போய் ‘எங்கள் இனம்’ வருகிறது. சிலர் எங்களை இகழ்ச்சியாகப் பார்க்கிறார்கள். இவர்கள் நிறம் பேயின் சாயம் என்கிறார்கள். அந்தப் பேச்சை மேற்கோளாக, மற்றவர் வாயில் வைக்கிறார் வீட்லி. ஏழாம் வரி கட்டளையாகத் தொடங்குகிறது: நினைவில் வையுங்கள், கிறிஸ்தவர்களே. கேனைப் போல் கறுத்த நீக்ரோக்களும் தூய்மையாகி வானவர் வரிசையில் சேரலாம். கேன் (தமிழ் விவிலியத்தில் காயீன்) என்பது விவிலிய அல்யூஷன்: தம்பியைக் கொன்றவன். அந்த வரியின் காற்புள்ளிகளை வைத்துப் பார்த்தால், கிறிஸ்தவர்கள், நீக்ரோக்கள் இருவருமே கேனைப் போல் கறுத்தவர்கள், இருவருமே தூய்மையாக வேண்டியவர்கள் என்றும் படிக்கலாம். சாயம், கரும்பின் ஆங்கிலப் பெயரோடு ஒலிக்கும் கேன், ‘தூய்மையாகி’ என்ற இடத்தில் வந்து, சர்க்கரையைச் சுத்திகரிப்பதற்கும் வழங்கும் ‘ரிஃபைன்’ என்ற ஆங்கில வினைச்சொல் ஆகிய மூன்றும் அடிமை உழைப்பில் விளைந்த சரக்குகளை நினைவூட்டுவதாகச் சொல்லும் விமர்சகர்களும் உண்டு.

நன்றியில் தொடங்கி, எஜமானர்களுக்கு அவர்கள் மதத்தையே பாடம் நடத்தி முடிகிறது கவிதை. முரண்நகை எந்த ஒரு சொல்லிலும் இல்லை. நான்காம் வரிக்கும் ஏழாம் வரிக்கும் இடையிலான நகர்வில் இருக்கிறது.

தொனி, கருப்பொருள்

பேசுபவர் தன் விஷயத்தின்மீது கொண்டிருக்கும் மனநிலை தொனி. வாசகருக்குள் எழும் உணர்வு வேறு, அதற்கு மூட் என்று பெயர். தொனி மாறும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள், பாதி வேலை முடிந்தது. பியூரிட்டன் கவிஞர் ஆன் பிராட்ஸ்ட்ரீட் தன் வீடு 1666 ஜூலையில் எரிந்ததைப் பற்றி எழுதிய கவிதையில், இங்கே அந்தப் பெட்டி இருந்தது, அங்கே அந்தப் பேழை இருந்தது, இனி உன் கூரைக்கடியில் விருந்தாளி யாரும் உட்காரமாட்டார் என்று சாம்பல் மேட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போகிறார். பிறகு, எல்லாம் மாயை, போய் வருகிறேன் என்று திரும்புகிறார். தன் செல்வம் மேலே இருக்கிறது என்று முடிக்கிறார்.

இதன் கருப்பொருள் என்ன? ‘இழப்பு’ என்று எழுதினால் அது பேசுபொருள்தான். கருப்பொருள் முழு வாக்கியமாக வர வேண்டும்: ‘உலகப் பொருள்களைத் துறக்கச் சொல்லும் நம்பிக்கையை ஏற்றுக்கொண்டவருக்கும், அவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அழாமல் அந்தத் துறவு கைகூடுவதில்லை.’ இந்த வாக்கியத்தோடு ஒருவர் சண்டை போட முடியும். சண்டை போட இடம் கொடுக்காத வாக்கியம் கருப்பொருள் ஆகாது.

அரசியல் எழுத்தைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. 1776இன் சுதந்திரப் பிரகடனத்தில் மன்னர்மீதான குற்றச்சாட்டுகள் வரிக்கு வரி ஒரே தொடக்கத்தோடு வருவது அனாஃபரா. ஒரு குறையைத் தள்ளிவிடலாம், அடுக்கடுக்காக வரும்போது முடியாது என்பதே அதன் வேலை. விடுதலைப் போராட்டத் தலைவர் பேட்ரிக் ஹென்றியின் 1775 உரையை ஆராயும்போது மட்டும் கவனம் தேவை. நமக்குக் கிடைத்திருக்கும் வாசகம் 1817இல் வில்லியம் வர்ட் எழுதிய வாழ்க்கை வரலாற்றில், கேட்டவர்களின் நினைவிலிருந்து திரட்டியது.

எப்படிப் படிப்பது, எந்த வரிசையில்

ஒரு அமர்வுக்கு ஒரு கவிதையோ, 150 சொல் அளவுள்ள உரைநடைப் பகுதியோ போதும். முதல் முறை அகராதி இல்லாமல், வாய்விட்டுப் படியுங்கள். இரண்டாம் முறை அறிமுகமான சொற்களையும் சரிபாருங்கள். டெய்லரின் ‘கான்வர்சேஷன்’ அன்றைக்கு நடத்தையைக் குறித்தது, அதை உரையாடல் என்று எடுத்துக்கொண்டால் அந்த வரியே புரியாது. மூன்றாம் முறை வகைமை, பேசுபவர், யாரை நோக்கிப் பேசுகிறார் என்று ஓரத்தில் எழுதுங்கள். நான்காம் முறையில்தான் உருவகம், தொனி, முரண்நகை. பெரும்பாலோர் நான்காவதிலிருந்து தொடங்குவதால்தான் பட்டியல் போட்டுவிட்டு நின்றுவிடுகிறார்கள்.

எழுதும்போது, ஒரு பத்திக்கு ஒரு கலைச்சொல் போதும். முதல் வாக்கியத்தில் உங்கள் வாதம். அடுத்து, பாடத்திலிருந்து நான்கைந்து சொற்களுக்கு மிகாத மேற்கோள். பிறகு, அந்தச் சொற்கள் என்ன செய்கின்றன என்று மூன்று வாக்கியமாவது விளக்கம். மேற்கோள் விளக்கத்தைவிட நீளமாக இருந்தால் பத்தி இன்னும் எழுதப்படவில்லை என்று பொருள்.

கால வரிசையில் படிக்க வேண்டிய கட்டாயமில்லை. 1620இலிருந்து தொடங்கியவர்கள் பலர் 1630ஐத் தாண்டுவதில்லை. வீட்லியின் எட்டு வரியில் தொடங்குங்கள். பிராட்ஸ்ட்ரீட்டின் வீட்டுக் கவிதை, டூகுட்டின் முதல் கடிதம், ‘ரிப் வான் விங்கிள்’ என்று போகலாம். பிறகு ரோலன்ட்சன், அதன்பின் டெய்லரும் எட்வர்ட்ஸும். பிளிமத்தின் ஆளுநராக இருந்த வில்லியம் பிராட்ஃபோர்டின் பிளிமத் வரலாற்றைக் கடைசியில் வையுங்கள். எழுத்துமுறையை நவீனப்படுத்திய பதிப்பை எடுத்துக்கொண்டு முதலில் ஒன்பதாம் அத்தியாயத்தை மட்டும் படியுங்கள். கப்பல் கரை சேரும் இடம் அது. வரவேற்க நண்பர்கள் இல்லை, தங்க விடுதி இல்லை, போய்ச் சேர ஊர் இல்லை என்று இல்லாதவற்றை அடுக்கி, எதிரே கொடிய காடு, அதில் விலங்குகளும் காட்டு மனிதர்களும் என்கிறார். அந்த ‘இல்லை’கள் யாருடைய கணக்கில் இல்லை என்று ஓரத்தில் எழுதி வையுங்கள். பதினோராம் அத்தியாயத்தில் சாமோசெட் என்ற பழங்குடி மனிதர் நேராக நடந்துவந்து உடைந்த ஆங்கிலத்தில் பேசும் இடம் வரும்போது அந்தக் குறிப்பு தேவைப்படும்.